கடல் மீனுக்கு டேக்: ரெட் டிரம்முக்கு உதவுவது ரெட் ஸ்னாப்பருக்கும் உதவுமா?

கேள்வி: ஹூஸ்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். விடுமுறை நாட்களில் கால்வெஸ்டன் தெற்கு அலைதடுப்புக் கல்லணையில் தூண்டில் போடுவது என் வழக்கம். டெக்சஸில் உப்புநீர் மீன்பிடி உரிமம் வாங்கினால், அதனுடன் ரெட் டிரம் மீனுக்கான டேக் (பிடித்த மீனில் கட்டும் அடையாளச் சீட்டு) ஒன்றும் சேர்ந்தே வருகிறது. 20 முதல் 28 அங்குலம் வரையிலான ரெட் டிரம்மை நாளொன்றுக்கு மூன்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டுமானால் டேக் கட்டியாக வேண்டும்.

அண்மையில் என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் மூன்றடிக்கும் மேற்பட்ட மீனொன்றைப் பாறைமீது ஏற்றினார். படம்கூட எடுக்காமல், உரிமத்தாளிலிருந்து டேக்கைப் பிரித்து, அதில் அச்சிட்டிருந்தவற்றுள் அன்றைய மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டியெடுத்துவிட்டு, வால் துடுப்புக்குச் சற்று முன்னால் உடல் மிகவும் ஒடுங்கும் இடத்தில் அதைக் கட்டினார். அந்த ஆண்டுக்கு அவர் உரிமத்தோடு வந்த டேக் அத்துடன் செலவாகிவிட்டது.

என் கேள்வி இதுதான். மெக்சிகோ வளைகுடாவில் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள கூட்டாட்சி நீர்ப்பரப்பில், சொந்தப் படகில் ரெட் ஸ்னாப்பர் பிடிப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டு முதலில் அறிவிக்கப்பட்ட மீன்பிடிப் பருவம் வெறும் மூன்று நாட்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே 39 நாட்கள் கூட்டப்பட்டன. அலை எப்படி இருந்தாலும் அந்த மூன்று நாட்களில் எல்லோரும் படகை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது ஆபத்தான ஏற்பாடு அல்லவா? ஆளுக்கு இத்தனை டேக் என்று கொடுத்துவிட்டு, விரும்பிய நாளில் பிடித்துக்கொள்ளச் சொன்னால் என்ன?

பதில் 1: கார்ப்பஸ் கிறிஸ்டியிலிருந்து

நண்பருக்கு வணக்கம். நீங்கள் பார்த்த டேக் எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் சொல்கிறேன். ரெட் டிரம் நம்மூர்க் கத்தாழையின் குடும்பத்தைச் சேர்ந்த மீன். முதல் மூன்று நான்கு ஆண்டுகளை விரிகுடாவின் புல்தரைகளிலும் கழிமுகங்களிலும் கழித்துவிட்டு, பருவம் எய்தியதும் வளைகுடாவுக்குச் சென்று, அங்கே பல ஆண்டுகள் முட்டையிடும். நாற்பது வயதை எட்டிய மீன்களும் உண்டு. எழுபதுகளில் வலையும் தூண்டிலும் சேர்ந்து இந்த மீனை மிகவும் குறைத்துவிட்டதால், டெக்சஸ் சட்டமன்றம் 1981இல் இதன் விற்பனையையே தடை செய்தது. 28 அங்குல மேல்வரம்பின் நோக்கம் முட்டையிடும் பெரிய மீன்களைக் காப்பது. வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் மீனை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் அதற்கு இடம் தருவதே டேக். சிறு கட்டணம் செலுத்தி இன்னொரு டேக்கும் வாங்கலாம். ஆனால் மாநில எல்லையான ஒன்பது கடல் மைலுக்கு அப்பால், கூட்டாட்சி நீர்ப்பரப்பில், டேக் இருந்தாலும் ரெட் டிரம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் டெக்சஸ் கரையோரத்தில் ஏறத்தாழ 38 லட்சம் மீன்கள் மடிந்தன. அதில் அடிவாங்கிய இனங்களுள் ஒன்றான ஸ்பாட்டட் சீட்ரவுட்டுக்கும் 2024இல் இதே முறை வந்தது: 15 முதல் 20 அங்குலம் வரை நாளொன்றுக்கு மூன்று, 28 அங்குலத்துக்கு மேற்பட்டதற்கு டேக்.

இருந்தாலும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் டேக் உண்டு என்பதால், மாநிலம் முழுவதும் எத்தனை பெரிய மீன்கள் பிடிபடலாம் என்பதற்கு இங்கே மொத்த வரம்பு கிடையாது. இது ஆளுக்கான பங்கீடு மட்டுமே. நீங்கள் ரெட் ஸ்னாப்பருக்குக் கேட்பது, மொத்த எண்ணிக்கையையே கட்டுப்படுத்தும் வேறு வகை.

பதில் 2: பெர்த்திலிருந்து

அந்த வேறு வகை மேற்கு ஆஸ்திரேலியாவில் நடைமுறையில் இருந்தது. ஷார்க் பே உள்வளைகுடாக்களில் வாழும் பிங்க் ஸ்னாப்பர், வெளிக்கடல் மீனோடு கலக்காமல் தனித்தனிக் கூட்டங்களாகவே இனம்பெருக்குகிறது. தொண்ணூறுகளில் அவை நலிந்துபோனபோது, ஃப்ரெய்சினெட் கழிமுகப் பகுதிக்கு ஆண்டுக்கு இத்தனை டன் என்று வரம்பு வைத்து, அந்த எடையை மீன் எண்ணிக்கையாக மாற்றி, அத்தனை டேக்குகளை மட்டும் 2003 முதல் குலுக்கல் முறையில் வழங்கினார்கள். டேக் கிடைக்காதவர் அங்கே பிங்க் ஸ்னாப்பரை வைத்துக்கொள்ள முடியாது. கூட்டம் மீண்ட பிறகே அந்த ஏற்பாடு விலக்கப்பட்டது.

நாள் வரம்பால் செய்ய முடியாத காரியம் இது. ‘ஆளுக்கு இரண்டு மீன்’ என்று விதித்தாலும், நூறு பேர் வந்த இடத்தில் ஆயிரம் பேர் வந்தால் பிடிபடுவது பத்து மடங்காகிவிடும். டேக்கின் எண்ணிக்கையோ, எத்தனை பேர் வந்தாலும் மாறாது. ஆனால் ஃப்ரெய்சினெட் சிறிய, ஓரளவு அடைபட்ட நீர்ப்பரப்பு. படகு இறக்கும் இடங்கள் சில மட்டுமே. மீன் கூட்டமும் சிறிது. அளவில் அதைவிடப் பன்மடங்கு பெரிய உங்கள் வளைகுடாவில், ஐந்து மாநிலங்களின் படகுகளுக்கு நடுவே அது அப்படியே எடுபடும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

பதில் 3: கார்க், அயர்லாந்திலிருந்து

எங்களுக்குப் பெரும்பாலும் ஆற்று மீன்பிடிப்புதான் என்றாலும், கடலுக்குப் போய்த் திரும்பும் மீன்களைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன். இங்கே 2001 முதல், வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு சால்மனுக்கும், 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொரு சீ ட்ரவுட்டுக்கும் செவுள் வழியாக டேக் கோத்துக் கட்ட வேண்டும். கட்டிய கையோடு பதிவேட்டில் எழுத வேண்டும். பருவம் முடிந்ததும், ஒரு மீனும் கிடைக்காவிட்டாலும், பதிவேட்டையும் மிஞ்சிய டேக்குகளையும் திருப்பி அனுப்ப வேண்டும். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கவும் கூடாது.

இந்த முறையின் உயிர் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எந்த ஆற்றில் எத்தனை மீன் எடுக்கப்பட்டது என்பது தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு அந்த ஆற்றைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க முடியும். டேக்கைக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கேட்காமல் இருப்பது பாதி வேலை.

பதில் 4: அலபாமா, மொபைலிலிருந்து

ரெட் ஸ்னாப்பருக்குத் தூண்டில் போடுபவன் என்ற முறையில் இரண்டு இடர்ப்பாடுகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது பங்கீடு. வளைகுடாவில் வாடகைப் படகேறி ஆண்டுக்கு ஒருமுறை தூண்டில் பிடிப்பவர்களும், சொந்தப் படகில் வாரந்தோறும் போகிறவர்களும் சேர்ந்து பல லட்சம் பேர். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைச் சராசரி மீனின் எடையால் வகுத்தால் வரும் டேக்குகள், எல்லோருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒன்றிரண்டுகூடத் தேறாமல் போகலாம். குலுக்கல் என்றால் மீன்பிடிக்காதவர்களும் பெயர் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஏலம் என்றால் வசதியுள்ளவர்களுக்கே போய்ச் சேரும்.

இரண்டாவது, எனக்குப் பெரிதாகப் படுவது. நூறு, நூற்றைம்பது அடி ஆழத்திலிருந்து சரசரவென்று மேலே இழுக்கப்படும் ரெட் ஸ்னாப்பரின் காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழியே பிதுங்கி, கண்கள் புடைத்துவிடும். அப்படியே தண்ணீரில் விட்டால் அது மூழ்க முடியாமல் மிதக்கும்; டால்ஃபினோ சுறாவோ வந்து எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு டேக் வைத்திருப்பவர் பெரிய மீன் கிடைக்கும்வரை சிறியவற்றை விட்டுக்கொண்டே இருப்பார். டேக் எண்ணுவது வீட்டுக்குப் போன மீனை மட்டும்; விட்டபின் செத்த மீன் எந்தக் கணக்கிலும் வராது. இந்த மீன்களை ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயமாக்கியது இதனால்தான்.

அதனால் இப்போது இங்கே நடப்பதையே நான் ஆதரிக்கிறேன். அலபாமாவில் 2014 முதல் ரெட் ஸ்னாப்பரைக் கரைசேர்த்தால் அறிவித்தாக வேண்டும். மிசிசிப்பியில் கைபேசியில் பயண எண் வாங்காமல் புறப்படவே கூடாது. அந்தந்த மாநிலம் தன் கணக்கைப் பார்த்துப் பருவத்தை நீட்டவோ முடிக்கவோ முடிகிறது.

ஹூஸ்டன்வாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மொபைல் நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். விட்டபின் சாகும் மீன் என்பது, பருவம் மூடியிருக்கும்போது வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் ரெட் ஸ்னாப்பர் மாட்டினாலும் நிகழ்வதுதானே? அந்த நாளில் கையில் ஒரு டேக் இருந்தால், செத்துப்போகும் மீனை எறிவதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில் 4: அலபாமா, மொபைலிலிருந்து

நியாயமான வாதம், அந்த இடத்தில் டேக் பருவத்தைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பருவத்தை நீக்கிவிட்டு டேக்கைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, மொத்த வரம்பிலிருந்து ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மூடிய மாதங்களுக்கு மட்டும், பயண எண்ணோடு இணைத்து, முதலில் மாட்டும் மீனுக்கே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் டேக் வழங்கலாம். கார்க் நண்பர் சொன்னதுபோல, கணக்கு ஒப்படைக்காதவருக்கு அடுத்த ஆண்டு டேக் கிடையாது என்றும் விதிக்க வேண்டும். வளைகுடா மீன்வள மேலாண்மை மன்றத்தின் கூட்டங்களில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்குகிறார்கள். எழுத்து மூலமாகவும் அனுப்பலாம். நீங்கள் வரைவு எழுதினால் நானும் கையெழுத்திடுகிறேன்.