மலைக்கிராம நோயாளிகளுக்கு ஒப்புதல் படிவத்தை எப்படி விளக்குகிறீர்கள்?

புற்றுநோய்த் திசு வங்கிகளில் (அகற்றிய கட்டித் துண்டுகளை ஆய்வுக்காகச் சேமித்து வைக்கும் இடங்களில்) பணிபுரிவோருக்கு வணக்கம். உலகப் புற்றுநோய் மரபணுத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நீலகிரிப் பழங்குடியினரை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும். அகற்றிய கட்டியில் ஒரு சிறு துண்டை மைனஸ் 80 டிகிரியில் வைப்பது எங்களுக்குப் பழகிய வேலை. ஒப்புதல்தான் சிக்கல். எழுத்தறியாதவர் என்றால் சாட்சி முன்னிலையில் கைநாட்டு என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டி. வாங்குகிறோம். ஆனால் ‘எதிர்கால ஆய்வு’ என்ற வரி வந்ததும், “பத்து வருடம் கழித்து என் சதையை என்ன செய்வீர்கள்?” என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. படிவத்தில் விடை இல்லை (எழுதியவர் இப்படிப்பட்ட பாட்டிகளைச் சந்தித்திருக்க மாட்டார்).

இருளர், குறும்பர் மொழிகளில் ஒலிப்பதிவாகவோ படங்களாகவோ விளக்கம் வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா? பின்னாளில் மனம் மாறினால் மாதிரியை விலக்கிக்கொள்ளலாம் என்பதை எப்படிப் புரியவைக்கிறீர்கள்? நெறிமுறைக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதற்குள் கிடைத்தால் பேருதவி.