சின்ன ஸ்கெட்ச்ல நல்லா வர்ற காம்போசிஷன் பெரிய பேப்பர்ல கலைஞ்சு போகுது, உதவி பண்ணுங்க

கேள்வி:
வணக்கம். மயிலாப்பூர் தெப்பக்குளத்தை வாட்டர்கலர்ல வரையணும்னு ரொம்ப நாள் ஆசை. மேற்குக் கரையில நின்னா குளம், படிக்கட்டு, நீராழி மண்டபம், பின்னாடி கோபுரம்னு எல்லாமே அழகு, எதையும் விட மனசு வரல. நோட்டுல தீப்பெட்டி சைஸ்ல போடுற ஸ்கெட்ச் நல்லாதான் இருக்கு, அதையே 15×11 இன்ச் பேப்பருக்கு மாத்தினா கீழ வெறும் தண்ணியா கிடக்கு, கண்ணும் எங்கயும் நிக்க மாட்டேங்குது. கோபுரத்தை ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (படத்தை குறுக்கயும் நெடுக்கயும் மூணு மூணா பிரிக்கிற முறை) கோட்டுலதான் வெச்சிருக்கேன். எங்க பிசகுது?

பதில் 1:
தீப்பெட்டி உங்க பேப்பரை விட நீளவாக்குல இருக்கும். அந்த அளவுல ப்ளான் பண்ணிட்டு 15×11க்கு போனா உயரம் மிஞ்சும், அதைத்தான் தண்ணி வெச்சு ரொப்புறீங்க. முதல்ல 7.5×5.5 செ.மீ. கட்டம் போட்டு அதுக்குள்ள ஸ்கெட்ச் பண்ணுங்க, அப்போ விகிதம் அப்படியே ஒத்துப்போகும். ரெண்டுலயும் குறுக்க நெடுக்க கோடு போட்டு நாலா பிரிச்சுக்கிட்டா மாத்துறதும் சுலபம்.

பதில் 2:
அண்ணா சொன்னது சரி, ஆனா கண்ணு நிக்காததுக்கு காரணம் வேற. தேர்ட்ஸ் கோட்டுல வெச்சா மட்டும் போதாதுங்க, வெளிச்சம் இருட்டு பிரியணும். கண்ணை இடுக்கிப் பாருங்க, டீட்டெய்ல் எல்லாம் மறைஞ்சு பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். அதை வெள்ளை, நடு சாம்பல், கருப்புன்னு மூணே டோன்ல பென்சில்ல போடுங்க, மூணும் சம அளவுல வரக்கூடாது, ஒன்னு பெருசா ஆளணும். கலரை அப்புறம் யோசிக்கலாம். இன்னொன்னு, அந்தக் கரையில காலையில சூரியன் கோபுரத்துக்குப் பின்னாடி இருக்கும், கோபுரம் ஒரே இருண்ட உருவமா நிக்கும். சாயங்காலம் வெயில் நேரா கோபுரத்து மேல விழும், பொம்மை பொம்மையா எல்லாம் தெரியும், அதான் எல்லாத்தையும் வரையத் தோணும். எனக்கு காலை நேரம்தான் பிடிக்கும், வெளிச்சமே பாதி வேலையை முடிச்சுக் குடுத்துடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி! அப்போ மண்டபத்தை விட்டுடலாமா?

பதில் 3:
படம் மண்டபத்தைப் பத்தியா கோபுரத்தைப் பத்தியான்னு முதல்ல முடிவு பண்ணுங்கம்மா. கோபுரம்னா மண்டபத்தை நடு சாம்பல்லயே கரைச்சு விடுங்க, ஓரமெல்லாம் ஈரத்துல மங்கட்டும். ரெண்டும் ஒன்னோட ஒன்னு ஒட்டித் தெரிஞ்சா கரையில கொஞ்சம் தள்ளி உட்காருங்க. முடிஞ்சா ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) சோழமண்டலம் ம்யூசியத்துக்குப் போய், 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்ச கலைஞர்கள் கிராமம் அது, பிடிச்ச படத்துக்கு முன்னாடி நின்னு அதையும் மூணு டோன்ல நோட்டுல போட்டுப் பாருங்க. எவ்வளவு விஷயத்தை விட்டிருக்காங்கன்னு கை வழியா புரியும்.

கேள்வி கேட்டவர்:
கோபுரம்தான். படியில ஆளுங்களை எங்க வைக்கறது?

பதில் 2:
இருட்டும் வெளிச்சமும் பலமா மோதுற இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு மூணு பேர் சேர்ந்த மாதிரி, முகம் படத்துக்கு உள்பக்கம் திரும்பி இருக்கட்டும். பேப்பர் ஓரத்துல யாரையும் நிறுத்தாதீங்க, கண்ணு அவங்களோடயே வெளிய போயிடும்.