பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சீலியாக் டெஸ்டுக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்தான் சீலியாக். "அது வடநாட்டுக்காரங்க வியாதி, சோறு சாப்பிடுற நமக்கு வராது" என்று நம்பி இருந்துவிட வேண்டாம். சீலியாக் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு இருக்கும். 2016இல் வெளிவந்த இந்திய ஆய்வில் இது வடக்கே சுமார் 38 சதவீதம் பேருக்கும் தெற்கே 36 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆனால் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம்தான். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: தினசரி கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம்.

இங்கே காலையில் டோஸ்ட், மதியம் சாண்ட்விச், ராத்திரி பாஸ்தா. மரபணு மாறவில்லை, கோதுமை ஏறிவிட்டது. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, மரபணு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். சில குடல் வைரஸ் தொற்றுகளும் தூண்டலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் யாருக்காவது சீலியாக் இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு சுமார் 10இல் 1.

வயிற்றுப்போக்கு இல்லாமலும் வரும். சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து போவதால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல் போகலாம். ஓயாத களைப்பு, வாய்ப்புண், வயிறு உப்புசம் இருக்கலாம். இப்படி இருந்தால் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) டிடிஜி ஐஜிஏ (சீலியாக் எதிர்ப்பொருள்), மொத்த ஐஜிஏ (அந்த வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவு) என்ற இரண்டு ரத்த டெஸ்டையும் கேளுங்கள். ஐஜிஏ இயல்பிலேயே குறைவானவர்களுக்கு முதல் டெஸ்ட் மட்டும் பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: சந்தேகம் வந்ததுமே சப்பாத்தியை நிறுத்திவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் இறங்கிவிடும், ரிசல்ட் பொய்யாகும். டெஸ்டுக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். எண்டோஸ்கோபி (குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் டெஸ்ட்) சொன்னால் அது முடியும்வரை கோதுமையைத் தொடருங்கள். மரபணு டெஸ்டில் இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லை. இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது.

நோய் உறுதியான பிறகு நம் சமையலறையில் முதலில் பார்க்க வேண்டியது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள். அடுத்து ஹார்லிக்ஸ், சோயா சாஸ், ரவை கலந்த தோசை மிக்ஸ். அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். மாவாக வாங்கினால் மட்டும் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்ததா என்று பாருங்கள்.

கடையில் வாங்கும்போது, "வீட் ஃப்ரீ" (கோதுமை இல்லாதது) என்பதும் "க்ளூட்டன் ஃப்ரீ" (க்ளூட்டன் இல்லாதது) என்பதும் ஒன்றல்ல, முதலாவதில் பார்லி, ரை இருக்கலாம். க்ளூட்டன் ஃப்ரீ என்றால் க்ளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. டோஸ்டரும் மாவு சலிக்கும் சல்லடையும் தனியாக வையுங்கள், சப்பாத்தி சுட்ட கல்லில் அப்படியே தோசை ஊற்றாதீர்கள்.