குற்றாலத்தில் வெயில் அடித்தால் அருவியில் இறங்கலாமா?

மலைக்கோட்டை வாசகி:
வணக்கம். மே மாதக் கடைசியில் பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து குற்றாலத்துக்கும், அங்கிருந்து கொடைக்கானலுக்கும் காரில் செல்லவிருக்கிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவன் உயிரிழந்த செய்தி மனத்தை விட்டு அகலவில்லை. அருவிப் பக்கம் மழையே இல்லாதபோது இறங்கினால் ஆபத்து இல்லையா? மலைப்பாதையில் இடியோ மூடுபனியோ வந்தால் என்ன செய்வது?

சிற்றாற்றங்கரை:
அம்மா, அடிவாரத்து வெயிலை நம்பி இறங்காதீர்கள். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு திரண்டு, ஒரு மலைமுகட்டில் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டு, கீழே ஒரு தூறல்கூடப் போடாமல் போய்விடும். செங்குத்தான பாறைச் சரிவில் நீரை உறிஞ்ச மண் அதிகம் இல்லை என்பதால், ஓடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பிச் சேர்ந்து, சில நிமிடங்களில் காட்டாற்று வெள்ளமாக அருவிக்கு வந்துவிடுகின்றன.

தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ அந்தக் கணமே வெளியேறுங்கள். துணிமணி, கைபேசி எதையும் எடுக்க நிற்க வேண்டாம். ஓடை போகும் திசையில் ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் அங்குள்ள பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அப்போது காவலர்களிடம் "ஐந்து நிமிடம் மட்டும்" என்று கெஞ்சுபவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். மேலே மேகம் கறுத்திருந்தால், தடை வரும்வரை காத்திராமல் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள்.

வானிலை ஆர்வலர்:
இடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே மூன்று விநாடி என்றால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடைவெளி 30 விநாடிக்குள் வந்துவிட்டால் தண்ணீரையும் மரத்தடியையும் திறந்த காட்சிமுனையையும் விட்டு, கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடிகளை ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம். கிளம்புமுன், இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கென மாவட்டவாரியாக வெளியிடும் எச்சரிக்கையைப் பாருங்கள். "தாமினி" செயலி அருகில் மின்னல் தாக்கும் வாய்ப்பைக் காட்டும்.

வத்தலக்குண்டு ஓட்டுநர்:
கொடைக்கானல் மலைப்பாதையில் மழை விட்டதும் மேகம் சாலைக்கே இறங்கிவிடும். அப்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். டிம்மில்தான் ஓட்ட வேண்டும். இடது ஓரக் கோட்டைப் பிடித்து, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து மெதுவாகப் போங்கள். எதுவும் தெரியாவிட்டால் தார்ச்சாலையை விட்டு முழுமையாக விலகி, அகலமான இடத்தில் நிறுத்தி, அதன் பிறகு நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். வளைவில் மட்டும் நிறுத்தவே கூடாது.

மலைக்கோட்டை வாசகி:
அனைவருக்கும் மிக்க நன்றி. வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கார் போகுமா?

சிற்றாற்றங்கரை:
போகவே கூடாது, அம்மா. ஓடும் தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். அடியில் சாலை அரித்துப்போயிருந்தாலும் மேலிருந்து தெரியாது. வண்டியைத் திருப்பிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் மாற்றுவழி கேளுங்கள்.