மறைவிலங்கியலா, கேள்விவிலங்கியலா?

வணக்கம்.

இருப்பதாகப் பேசப்பட்டும் அறிவியல் இன்னும் உறுதிசெய்யாத விலங்குகளைத் தேடும் துறை கிரிப்டோசுவாலஜி (cryptozoology). கலைக்களஞ்சியத்தில் அதற்குத் தமிழ்ப் பெயராக ‘மறைவிலங்கியல்’ போதும், முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ‘கிரிப்டோ’ என்ற கிரேக்க வேருக்கு ‘மறைந்த’ என்பதே பொருள், சரி. ஆனால் மறைந்திருக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் அப்படியொரு விலங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறதே! இத்துறையில் சண்டையே அதைப் பற்றித்தான்.

‘கரந்துறை (மறைந்து வாழும்) விலங்கியல்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. கரந்துறைச் செய்யுள், கரந்துறைகோள் என்று பழைய ஆட்சியும் உண்டு. ஆனாலும் அதே சிக்கல். ‘தொன்ம விலங்கியல்’ இன்னும் விலகிப்போகிறது. கோயில் தூணில் இருக்கும் யாளியை நேற்று ராத்திரி வயலோரம் பார்த்தேன் என்று எவரும் சொல்வதில்லை. இமயமலையில் திரிவதாகப் பேசப்படும் பனிமனிதனான யெட்டியைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

என் பரிந்துரை: விலங்குக்குக் கேள்விவிலங்கு, துறைக்குக் கேள்விவிலங்கியல். கேள்விப்பட்டது, இன்னும் கேள்விக்குரியது – இரண்டும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. (வள்ளுவர் ‘கேள்வி’ என்றதும் காதால் கேட்பதைத்தான்.)

ஆப்பிரிக்கக் காட்டு விலங்கான ஒகாபியை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கோ காட்டு மக்கள் அதை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியர்களுக்கோ அது வெறும் பேச்சு. பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி ஜான்ஸ்டனுக்கு முதலில் கிடைத்தவை வரிபோட்ட தோல் வார்கள்தாம். அதை மட்டும் வைத்துக் குதிரைப் பேரினத்தில் சேர்த்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். 1901-இல் முழுத்தோலும் மண்டையோடும் லண்டன் வந்த பிறகே ஒட்டகச்சிவிங்கியின் உறவு என்று தெரிந்தது. அதுவரை ஒகாபி கேள்விவிலங்கு, அப்புறம் வெறும் விலங்கு. யெட்டிக்கு இது நடக்கவில்லை. 2017-இல் வெளியான மரபணு ஆய்வில், யெட்டியுடையவை என்று சேர்த்துவைத்திருந்த 9 மாதிரிகளில் 8 கரடி, ஒன்று நாய்.

சீலகாந்த் மீனையும் இத்துறையின் வெற்றியாகக் காட்டுவார்கள். அதை யாரும் தேடிப் போகவில்லை. 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் இழுவலையில் தானாக வந்து மாட்டியது. புதைபடிவமாக அறிந்திருந்தார்களே தவிர, உயிரோடு இருப்பதாக அறிவியலாளர் காதுக்கு ஒரு வதந்திகூட எட்டியதில்லை. என் சொல்லின்படி அது கேள்விவிலங்கே அல்ல. சொல் இப்படி வடிகட்டுவதும் நல்லதுதான்.

கைவிலங்கு நினைவு வருகிறது என்று யாராவது சொல்வார்கள். விலங்கியலுக்கே அந்தக் குறை உண்டு, பழகிவிட்டோம்.

கலைக்களஞ்சியக் கட்டுரைக்குக் ‘கேள்விவிலங்கியல்’ எனத் தலைப்பிட்டு, ‘மறைவிலங்கியல்’ என்று தேடுவோருக்கு ஒரு வழிமாற்று வைக்கலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.