சி.ஆர்.வி எந்தத் தலைமுறையில் உண்மையிலேயே மாறியது?

கேள்வி:
வணக்கம். ஹோண்டா சி.ஆர்.வி முதலில் வந்தது 1995-ல், இப்போது ஓடுவது 2022-ல் வந்த ஆறாம் தலைமுறை. நான் இரண்டாம் தலைமுறை வண்டியில் பல வருடம் பழகியவன், போன வாரம் ஆறாவதை ஓட்டிப் பார்த்தேன், இறங்கியதிலிருந்து அதே யோசனைதான். பெயர் ஒன்று, கைக்கு மட்டும் முற்றிலும் வேறு வண்டி. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னியை மூன்றாம் தலைமுறையில் (2006) அடியில் தள்ளினார்களே, அன்றோடு பழைய சி.ஆர்.வி போய்விட்டது என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. உருவம் பெருத்தது போக, உள்ளே எப்போது என்ன மாறியது?

பதில் 1:
உங்கள் தம்பி வெளித்தோற்றத்தை வைத்துப் பேசுகிறார். இந்த வண்டியில் தோற்றம் ஒரு தலைமுறையில் மாறியது, எலும்பு வேறொரு தலைமுறையில் மாறியது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2001-ல் வந்த உங்கள் இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு முதலாவதின் அண்ணன் மாதிரி இருக்கும், அதே பின்கதவு, அதே ஸ்டெப்னி. ஆனால் பானெட்டைத் திறந்தால் எல்லாம் புதுசு. பி20 எஞ்சின் போய் கே வரிசை எஞ்சின் வந்தது, எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் போய் செயின் வந்தது, முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில், சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும் டபுள் விஷ்போன் போய், ஒரு தூண் போலத் தாங்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வந்தது. என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் அதுதான்.

அப்புறம், ‘பெருத்தது’ என்பதும் பாதிதான் உண்மை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம், வீல்பேஸ், முதல் நான்கு தலைமுறைக்கும் ஏறக்குறைய அதே 2,620 மி.மீ. தான். ஐந்தாவதில் (2016) 2,660, ஆறாவதில் 2,700 என்று ஏறியது. பின்சீட்டில் கால் நீட்ட இடம் தாராளமாகத் தெரிவதற்கு அந்த எட்டு சென்டிமீட்டரும் ஒரு காரணம்.

பதில் 2:
நான் தம்பி பக்கம். எஞ்சினும் சஸ்பென்ஷனும் மெக்கானிக்குக்கு முக்கியம், சரி. ஆனால் வண்டியின் குணம் என்று ஒன்று இருக்கிறதே.

முதலாவதின் பின்பக்கத்தைத் திறந்திருக்கிறீர்களா? கண்ணாடி தனியாக மேலே எழும்பும், கதவு ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் மடக்குக் கால்கள், விரித்து நிறுத்தினால் நாலு பேர் சுற்றி உட்காரும் மேசை! ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்ததால் முன்சீட்டுகளுக்கு நடுவே இடம் காலியாக இருக்கும், இறங்காமலே பின்னால் போகலாம். இது ஹோண்டாவின் சிவிக் காருடைய உறுப்புகளை வைத்துக் கட்டிய வண்டி, செங்குத்தில் மெதுவாக, பலமாக இழுக்க உதவும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது, கரடுமுரடான மலையேற்றத்துக்கு ஆகாது. ஆனால் ஊர் சுற்றுவதையே மனத்தில் வைத்து வரைந்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு மூலையிலும் தெரியும். மேசை இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் கதவு மேல்நோக்கித் திறந்தது, ஸ்டெப்னி அடியில் போனது, வண்டி வழவழவென்று குடும்பக் கார் ஆகிவிட்டது. எனக்கு அது இழப்புதான்.

கேட்டவர்:
மேசையை மறந்தே போயிருந்தேன், நன்றி. ஃபோர் வீல் டிரைவ் எப்போது மாறியது? பழையதில் ஓடையோர ஈர மணலில் முன் சக்கரம் ஒரு கணம் சுழன்ற பிறகுதான் பின்னால் உந்தும். புதியதில் அந்த ஒரு கணம் இல்லை.

பதில் 3:
நீங்கள் கவனித்தது ரொம்பச் சரி, என் கணக்கில் உண்மையான திருப்பமே அதுதான். முதல் மூன்று தலைமுறையிலும் பின் டிஃபரென்ஷியலில், அதாவது பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், இரண்டு எண்ணெய் பம்புகள். ஒன்று முன்னிருந்து வரும் தண்டின் வேகத்தில் சுழலும், இன்னொன்று பின் சக்கரங்களின் வேகத்தில். இரண்டும் ஒரே வேகம் என்றால் அழுத்தம் இல்லை. முன் சக்கரம் வழுக்கினால் வேகம் வித்தியாசப்படும், அழுத்தம் ஏறும், கிளட்ச் பிடிக்கும், பின் சக்கரத்துக்கு விசை போகும். கம்ப்யூட்டருக்கு அதில் வேலையே இல்லை. வழுக்கிய பிறகுதான் விழிக்கும், அதனால்தான் அந்த ஒரு கணம். நான்காவதில் (2011) அந்தக் கிளட்சை மின்சாரத்தால் கட்டுப்படுத்த ஆரம்பித்தார்கள், வழுக்குவதற்கு முன்பே, வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே பின்னாலும் விசை போகும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்த டிஃபரென்ஷியல் எண்ணெயைத் தள்ளிப் போடாதீர்கள். பழசாகிவிட்டால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து முனகல் கேட்கும். அதற்கென்று உள்ள எண்ணெயையே ஊற்றுங்கள், நாலு டயரும் ஒரே அளவாகவும் ஒரே அளவு தேய்ந்ததாகவும் இருக்கட்டும். அளவு மாறினால் சும்மா நேராகப் போகும்போதும் அந்த பம்புகள் வேலை செய்துகொண்டே இருக்கும்.

நீங்கள் ஓட்டிய ஆறாவது ஹைப்ரிட் (எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) என்றால் இன்னொன்று. அதில் வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை, பெரும்பாலும் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் வண்டியை இழுக்கும், சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் எஞ்சினை நேரடியாகச் சக்கரத்தோடு பிணைக்கும். கைக்கு வேறு வண்டி என்றீர்களே, அது இதனால்தான். ஆனால் ஃபோர் வீல் ஹைப்ரிடிலும் பின்னால் தனி மோட்டார் வைக்கவில்லை. உங்கள் இரண்டாவதில் இருப்பது போலவே அடியில் நீளமாக ஒரு தண்டு இன்னும் ஓடுகிறது, குனிந்து பாருங்கள்.