கோபோல் நிரல்மொழி: வரியின் 7-ஆவது கட்டத்தில் 'எஃப்' தவறு என்கிறது, உதவி தேவை

கேள்வி

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் பெருங்கணினி) பிரிவில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் பழக லேப்டாப்பில் குனூகோபோல் என்ற கோபோல் கம்பைலரை (புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) நிறுவினேன். பயிற்சியில் கொடுத்த சம்பளக் கணக்கு புரோகிராமைத் தட்டச்சு செய்து கம்பைல் செய்தால், முதல் வரியிலேயே '7-ஆவது கட்டத்தில் தவறான குறி எஃப்' என்று பிழை. அந்த வரியில் 'ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்' தவிர எதுவும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை, நாலு தடவை பார்த்துவிட்டேன்.

பதில் 1

வரியை இடது ஓரத்திலேயே ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், ஏழாவது எழுத்து எஃப். வரியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய இடம்தான் கட்டம். முதல் 6 கட்டம் வரிசை எண்ணுக்கு. 7-இல் நட்சத்திரம், சிறு கோடு போன்ற சில குறிகள்தான் வரலாம். டிவிஷன் தலைப்புகள் 8-இலும் கட்டளைகள் 12-இலும் தொடங்கும். எல்லா வரியையும் ஏழு இடம் வலப்பக்கம் தள்ளுங்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணா, கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் தொகை தப்பாக வருகிறது. அடிப்படைச் சம்பளம் 18,000, பஞ்சப்படி 5,400, வீட்டு வாடகைப்படி 3,600, மருத்துவப்படி 1,250. மொத்தம் 28,250 வர வேண்டும், 27,000 காட்டுகிறது. பிழைச் செய்தியே இல்லை.

பதில் 2

தம்பி, மருத்துவப்படி மட்டும் விடுபட்டிருக்கிறது. ஏழு இடம் தள்ளியதில் தொகையைக் கூட்டும் கம்ப்யூட் வரியின் வால் 72-ஆவது கட்டத்தைத் தாண்டியிருக்கும். அதற்கு மேல் உள்ளதைக் கம்பைலர் படிக்காது. கூட்டல் குறியோடு சேர்ந்தே வெட்டுப்பட்டதால், மிச்சம் சரியான வாக்கியமாகவே தெரிந்திருக்கிறது. குறிக்கு முன்னால் வரியை உடைத்து, அடுத்த வரியில் 12-இலிருந்து எழுதுங்கள். 7-இல் சிறு கோடு வேண்டாம், ஒரு சொல்லையே நடுவில் உடைத்தால்தான் அது.

இந்தக் கட்டங்கள், புரோகிராமை அட்டையில் துளைகளாகப் பதித்த துளை அட்டைக் காலத்தவை. ஓர் அட்டையில் 80 கட்டம், ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்கத்தான் முதல் ஆறு கட்டத்தில் வரிசை எண். கடைசி எட்டில் புரோகிராமின் பெயர், எந்தக் கட்டின் அட்டை என்று தெரிய. அதனால்தான் கம்பைலர் அதைத் தொடுவதில்லை.

கேட்டவர்

28,250 வந்துவிட்டது! இன்னொன்று அக்கா, கோபோலை உருவாக்கியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் என்று பயிற்சியில் சொன்னார்கள். இந்தக் கட்டங்களும் அவர் வகுத்தவையா?

பதில் 2

கட்டங்கள் நான் மேலே சொன்னபடி துளை அட்டையிலிருந்து வந்தவை. கோபோலை ஹாப்பர் உருவாக்கினார் என்று பலரும் சொல்கிறார்கள், ஆனால் அது சரியில்லை. யூனிவாக் கணினிக்காக ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தில் ஹாப்பர் குழு செய்தது ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழி, முதலில் அதன் பெயர் பி-0. ஆங்கிலச் சொற்களால் கட்டளை எழுதுவதும், தரவு விவரத்தைக் கட்டளையிலிருந்து பிரித்து வைப்பதும் அதிலிருந்து கோபோலுக்கு வந்தவை. உங்கள் புரோகிராமில் டேட்டா டிவிஷன் தனியாக நிற்பதைப் பாருங்கள், அந்த யோசனைதான்.

எல்லா நிறுவனக் கணினிக்கும் பொதுவாக ஒரு வணிக மொழி வேண்டும் என்று 1959-இல் முயற்சி எடுத்தவர் பரோஸ் நிறுவனத்தின் மேரி ஹாவ்ஸ். அந்த மே மாதம் பென்டகனில் கூட்டம் நடந்து, குழுக்கள் அமைந்தன. மொழியின் வரையறையை உட்கார்ந்து எழுதியவர்கள் மூன்று நிறுவனங்களைச் சேர்ந்த ஆறு பேர்: ஐபிஎம்மிலிருந்து வில்லியம் செல்டன், கெர்ட்ரூட் டியர்னி, ஆர்சிஏவிலிருந்து ஹோவர்ட் ப்ரோம்பர்க், நார்மன் டிஸ்கவுன்ட், சில்வேனியாவிலிருந்து வெர்னான் ரீவ்ஸ், ஜீன் சாமெட். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். அவருடைய பங்கு பெரியதுதான், ஆனால் இந்த ஆறு பேரையும் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1960 டிசம்பரில் ஒரே கோபோல் புரோகிராமை ஆர்சிஏ கணினியிலும் யூனிவாக்கிலும் ஓட்டிக் காட்டினார்கள். அன்றைக்கு அது பெரிய விஷயம். அதுவரை கணினியை மாற்றினால் புரோகிராமையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

கேட்டவர்

இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது அக்கா. கட்டக் கணக்கே இல்லாமல் எழுத வழி உண்டா?

பதில் 1

உண்டு. 2002-ஆம் ஆண்டுத் தரநிலையில் அதற்கு அனுமதி வந்தது. குனூகோபோலில் கம்பைல் செய்யும்போது 'ஃப்ரீ' ஆப்ஷனைச் சேருங்கள். ஆனால் நீங்கள் அலுவலகத்தில் பார்க்கப்போகும் பழைய புரோகிராம்கள் பழைய முறையிலேயே இருக்கும். அதனால் இப்போதைக்கு எடிட்டரில் 72-ஆவது கட்டத்தில் ஒரு செங்குத்து எல்லைக்கோடு தெரியும்படி வைத்துக்கொண்டு பழகுங்கள்.